அழிக்க வேண்டிய பெயர்

"அந்தப் பேர் எங்கயும் மிஞ்சக் கூடாது சார். ஆரம்பத்துலேருந்து எல்லாத்துலயும் என் பேர்தான் வரணும்."

கிளையிலிருந்து மாற்றலாகி வந்த பெண் இதைக் கூசாமல் சொன்னதும், அலுவலகமே 'கறார்' என்று கூப்பிடும் அந்த மனிதர் முகத்தைச் சுளித்தார். நிறுவனத்தின் மென்பொருளில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்ற வரலாறு மொத்தமும் அவர் பொறுப்பு. அதில் ஒரு புள்ளியைக்கூட யாரையும் தொட விடமாட்டார்.

அவள் அழிக்கச் சொன்னது அதே கிளையில் இருந்த, இவர் 'தம்பி' என்று கூப்பிடும் ஒருவனின் பெயரை. நேரில் பார்த்ததில்லை. அவன் நிரல் எழுதி அனுப்புவான், இவர் குறை சொல்வார், அவன் சிரித்துக்கொண்டே பதில் போடுவான். வருடக்கணக்கான பழக்கம். போன மாதம் திடீரென்று பேச்சுமூச்சே இல்லை.

நேரே மேலாளரிடம் போனார். "அந்தத் தம்பியோட உழைப்பு சார் இது. எங்க போனான் அவன்?"

"அந்தப் பேர்ல இனிமே யாரும் இல்ல. கேட்டதைச் செஞ்சு குடுங்க," என்றார் மேலாளர், தலை நிமிராமல்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! மேலேயிருந்து கீழே வரை இதே பிழைப்புதான் போல.

"நாள்கணக்குல ஓடும். அதுவரைக்கும் யாராலயும் வேலை பாக்க முடியாது," என்று அவளிடம் வெட்டிவிடப் பார்த்தார்.

"பழைய முறை ஒவ்வொரு தடவையும் எல்லா ஃபைலையும் திறந்து மூடும், அதான் இழுக்குது. நமக்கு ஃபைலே வேண்டாமே? பேரை மட்டும் தொட்டாப் போதும், யார் வேலையும் நிக்காது." ஒரு கணம் யோசித்தாள். "ஆரம்பத்துல ரெண்டு இடத்துல அந்தப் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். அதையும் சேத்துக்குங்க."

திருட்டுக்கு இத்தனை துல்லியமா? ஆனாலும் அவள் சொன்னபடியே எழுதி ஓட விட்டார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தம்பியின் உழைப்பு முழுவதும் அவள் பெயரில், திரையில் வரிசையாக நின்றது.

அதைப் பார்த்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடிப்பு வேறா? அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடுத்தவன் பேரை அழிச்சுட்டு உன் பேரை வெச்சுக்கிறியே, அருவருப்பா இல்ல உனக்கு?"

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"அது நான் பொறந்தப்போ வீட்ல வெச்ச பேர் சார். இது நானே வெச்சுக்கிட்டது."