தூங்குகிறாள்

காற்று அவளைப் பின்னால் தள்ளியது. சந்தோஷத்தில் கத்தினாள்.

பாறை விளிம்புக்குச் சற்று முன்னால் கம்பி கட்டியிருந்தார்கள். அதற்கப்பால் நிலம் இல்லை. கீழே, வெகு கீழே, அட்லாண்டிக் கடல் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

அயர்லாந்துக்குப் படிக்க வந்து ஏழு மாதம். கல்லூரி. பகுதிநேரமாக வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட். இரண்டுக்கும் நடுவே ஓடும் பஸ்ஸின் ஜன்னல். இந்த நாடு என்று அவள் பார்த்தது அவ்வளவுதான்.

இன்றுதான் கடல்.

கூட வந்த வகுப்புத் தோழி எல்லோரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தாள். இவள் நடுவில் நின்றாள். தலைமுடி பறந்து வாய்க்குள் போனது. அந்த ஒரு நிமிடம் கோகிலவாணி நினைவிலேயே இல்லை.

பிறகு நினைவுக்கு வந்துவிட்டாள்.

கோகிலவாணி அறைத்தோழி. கோபிச்செட்டிபாளையத்துக்காரி. இவளுக்குப் பக்கத்து ஊர். வியாழக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது இவள்தான். மறுநாள் குடல்வால் ஆபரேஷன் முடியும்வரை வெளியே காத்திருந்ததும் இவள்தான்.

அதுவரை இவள் சரியாகத்தான் நடந்துகொண்டாள்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் தனியாக அனுப்ப மாட்டோம், கூட்டிப்போக யாராவது வரவேண்டும் என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமைதான் இந்தப் பயணம்.

"நாளைக்கு எனக்குக் கடையில வேலை புள்ள. லீவு தர மாட்டேங்கறாங்க."

அந்தப் பொய்யைச் சொல்ல இவளுக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை. பயணம் எப்போதோ முடிவானது. பஸ்ஸில் இடம் போட்டாயிற்று. ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

"அதுக்கென்ன, நீ போ. நான் யாரையாவது பாத்துக்கறேன்," என்றாள் கோகிலவாணி. இந்த ஊரில் அவளுக்கு வேறு யாரையும் தெரியாது. அது இருவருக்கும் தெரியும்.

போன் அதிர்ந்தது. கோகிலவாணியின் அம்மா.

எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு.

"சாமி, கோகிலா போன எடுக்க மாட்டேங்கறா. ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டியா?"

கடல் இரைந்தது.

"வந்துட்டேனுங்கம்மா. மருந்து குடுத்தேன். தூங்கறா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"இப்பத்தான் சாமி எனக்கு உசுரு வந்துச்சு. நீ பக்கத்துல இருக்கறதுனாலதான் நாங்க இங்க சோறு திங்கறோம். நல்லா இருப்பே."

போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் குனிந்தே நின்றாள்.

கோகிலவாணியை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். வேறு அழைப்பில் இருப்பதாக வந்தது. அதற்கப்புறம் அழைக்கத் தைரியம் வரவில்லை.

ஓட்டுநரிடம் ஓடினாள். சாயங்காலம்தான் வண்டி கிளம்பும் என்றார். இந்தப் பக்கம் வேறு பஸ் இல்லை என்றார். உடம்பு சரியில்லையா என்று அக்கறையாகக் கேட்டார்.

ஆமாம் என்றாள். அதுவும் பொய்தான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் வரும்வரை தனியாக. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. திரையை இழுத்து மூடினாள்.

தோழி படத்தை அனுப்பியிருந்தாள். எல்லார் முகத்தையும்விட இவள் முகத்தில்தான் வெளிச்சம் அதிகமாக இருந்தது. அழித்தாள். தோழியின் போனில் அது இருக்கும்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். மன்னிச்சுக்கோ என்று ஆரம்பிக்கலாம். இல்லை, உண்மையிலிருந்து ஆரம்பிக்கலாம். கடையில் திடீரென்று அனுப்பிவிட்டார்கள் என்றும் சொல்லலாம். அந்த மூன்றாவது யோசனை வந்த வேகத்தில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கதவைத் திறந்தபோது அறையில் விளக்கு எரிந்தது.

கோகிலவாணி கட்டிலில் சுவரோரம் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. கையில் ஆஸ்பத்திரிப் பட்டையை இன்னும் கழற்றவில்லை.

"எப்படி வந்தே?"

"பக்கத்துப் பெட்டுக்காரம்மாவோட ஊட்டுக்காரரு. மத்தியானம் பூரா நான் சேர்ல உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, உனக்கு ஆள் வரலியான்னு கேட்டாரு. அவரே பொறுப்பேத்துக்கிட்டு, கார்ல கொண்டாந்து உட்டுட்டுப் போனாரு."

கோகிலவாணியின் பார்வை இறங்கியது. இவள் ஷூவில் ஈர மண். விளிம்பில் ஒட்டிய புல். பார்வை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

இவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா பேசுனாங்க," என்றாள் கோகிலவாணி. "நான் தூங்கறேன்னு நீ சொன்னியாமா. இருந்தாலும் ஒருக்கா கொரலக் கேக்கோணும்னு திரும்பக் கூப்புட்டாங்க."

"கோகிலா..."

"அப்ப ஆஸ்பத்திரியிலதான் உக்காந்திருந்தேன். அந்தச் சேர்ல."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"கொட்டாவி உட்டுட்டே பேசுனேன். நம்பிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.