இடப்பக்க எயார்பேக்

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ தம்பி, எனக்கு அவசரமில்லை."

யோகலிங்கம் இன்னொரு காருக்கும் வழி விட்டார்.

வழி கிடைத்த கிண்ணியாக்காரன் அப்ராஸால் நம்ப முடியவில்லை. கம்பனிக்காரர் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்திருப்பதே இந்த ஒரு நாளைக்குத்தான். உட்துறைமுக வீதியோரம் கூடாரம் அடித்து, பழுதென்று கம்பனியே திருப்பி அழைத்த, அதாவது ரீகோல் செய்த கார்களுக்கெல்லாம் எயார்பேக் மாற்றிக் கொடுக்கிறார்கள். பின்னேரம் கூடாரத்தைக் கழற்றி விடுவார்கள். அதற்குப் பிறகு எப்போது வருவார்கள் என்பது கம்பனிக்கே தெரியாது.

"என்ன அண்ணே, கண்ணாடிக்காகக் கொழும்பு வரைக்கும் போய் சண்டை பிடிச்ச ஆள் நீங்கதானே? இப்ப வழி விடுறீங்க?"

அந்த ஆள் இவர்தான். கார் வாங்கிய நாளிலிருந்து கம்பனியோடு மல்லுக்கு நின்றவர்.

மழை தொடங்கினால் அந்தக் காரின் கண்ணாடி தானாக இறங்கும். மழை விட்டால் தானாக ஏறும். கேட்டால், "மாற்றுச் சாமான் கப்பலில் வருகிறது" என்பார்கள். துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற மனிதரிடம் சொல்கிற கதையா அது? ஒவ்வொரு கப்பலையும் யோகலிங்கம் நம்பிக்கையோடு பார்த்தார். வந்ததெல்லாம் கோதுமையும் சீமெந்தும்.

அப்படியிருக்க ஒருநாள் கம்பனியே போன் எடுத்தது. எயார்பேக் பழுதாம். இடிபட்டால் காப்பாற்ற வேண்டிய பை, தகரத் துண்டுகளை ஆளின் மேல் துப்புமாம். மாற்றும்வரை கவனமாம்.

"இடப்பக்க எயார்பேக்காம். இனி நீர் முன்னுக்கு இருக்கக் கூடாது" என்று அன்றைக்கே மனைவி சிவாஜினியிடம் சொல்லிவிட்டார்.

அன்றைக்குத் தொடங்கியது யோகலிங்கத்தின் பொற்காலம்.

அதற்கு முன்பெல்லாம் கப்பல்துறை வீட்டிலிருந்து ரவுனுக்கு வந்து சேர்வதற்குள், சிவாஜினி இடப்பக்கம் இருந்தபடியே முழுக் காரையும் ஓட்டி முடித்துவிடுவாள். "ஹோர்ன் அடியுங்கோ." "மாடு, மாடு!" "அந்த ஓட்டோக்காரன் கை காட்டாமல் திரும்பப் போறான், பாருங்கோ." இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, அவள் காலடியில் கிடந்த றப்பர் விரிப்பில் குதிக்கால் அளவுக்கு ஓட்டையே விழுந்துவிட்டது.

பின்னுக்குப் போனதும் எல்லாம் அடங்கிற்று. அங்கிருந்து பார்த்தால் யோகலிங்கத்தின் பிடரிதான் தெரியும். பிடரிக்கு யார் பிரேக் போடுவார்? தங்கச்சியோடு போனில் கதைத்தாள். அலுத்தால் தூங்கினாள். சொந்தக் காரின் இன்ஜின் சத்தத்தை யோகலிங்கம் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "டிரைவர்மார் அங்கால நிப்பாட்டுங்கோ" என்றான். சந்தோஷமாக அங்கால நிப்பாட்டினார். சீனன்குடாச் சந்தியில் ஒருவர் கண்ணாடியில் தட்டி, ஹயருக்கு வருமோ என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்.

அந்தக் கம்பனி விட்ட பிழைகளிலேயே இது ஒன்றுதான் நல்ல பிழை. அதைத் திருத்தத்தான் இன்றைக்கு வந்திருக்கிறார்கள். இதை மட்டும் ஏன் கப்பலில் அனுப்பாமல் விட்டார்கள்?

கூடாரம் வந்த செய்தியை மூச்சு விடாமல் மறைத்துப் பார்த்தார். சிவாஜினியின் தங்கச்சி போனில் சொல்லிவிட்டாள்.

"இஞ்சரும், வெயிலுக்குள்ள ஏன் இருக்கிறீர்? அந்தக் கடையில போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு ஆறுதலா வாருமன்" என்று பின்சீற்றில் இருந்த சிவாஜினியிடம் சொல்லிப் பார்த்தார்.

"எனக்கொரு பிளேன்ரீயும் வேண்டாம். ஊரையெல்லாம் முன்னுக்கு விட்டிட்டு நாங்கள் என்ன, கூடாரத்தைக் கழற்றி ஏத்திக்கொண்டு போகவோ வந்தனாங்கள்? எடுங்கோ காரை!"

எடுத்தார்.

கம்பனியின் மெக்கானிக் வந்து வலப்பக்கக் கதவைத் திறந்தான். யோகலிங்கத்தை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கைக் கழற்றத் தொடங்கினான்.

சிவாஜினி பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தாள்.

"தம்பி, பழுது மற்றப் பக்கமெல்லோ?"

"இல்லையம்மா. ஸ்டியரிங்குக்குள்ள இருக்கிறதுதான் பழுது. மற்றப் பக்கத்தில ஒரு பிழையும் இல்லை. ஐயாவுக்கு நான்தான் போனில வடிவாச் சொன்னனான்."

யோகலிங்கம் கடலைப் பார்த்தார். பேச்சை மாற்ற ஒரு கப்பல்கூட வரவில்லை.

வேலை முடியும்வரை சிவாஜினி அந்த ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் போன பிறகுதான் பக்கத்தில் வந்தாள். யோகலிங்கம் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தார். ஆனால் கலங்கியிருந்தது அவளுடைய கண்.

"வெடிக்கிற பக்கத்தில நீங்கள் இருந்துகொண்டு, என்னைப் பின்னுக்கு அனுப்பினீங்கள். உண்மையைச் சொன்னால் காரைத் தொடவே விடமாட்டன் எண்டுதானே மறைச்சனீங்கள்?"

பிழையான பதில் சொன்னால் அந்த எயார்பேக்கை விட மோசமாக வெடிக்கக்கூடிய கேள்வி அது.

"ஓம்" என்றார் யோகலிங்கம்.

"இனி ஒருநாளும் உங்களைத் தனிய விடமாட்டன்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்கதவைத் திறந்து ஏறினாள். பெல்ட்டை இழுத்துப் போட்டாள். றப்பர் விரிப்பில் அவளுடைய குதிக்கால் பழைய ஓட்டையைத் தேடிப் பிடித்துப் பொருந்தியது.

யோகலிங்கமும் ஏறினார். தூரத்தில், மதிலோரம், ரவுனுக்குள் திரிகிற மான்களில் ஒன்று நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது.

"மெல்ல, மெல்ல! மான்!"

யோகலிங்கம் இன்னும் காரை ஸ்டார்ட் செய்யவில்லை.