உப்பு பார்க்கிறவர்

"கட்லெட்டுக்கு உப்பு சரியா இருக்கான்னு யாரு பாக்கிறது அண்ணி? அறுபது பேரு சாப்பிட வர்றாங்க," என்றாள் ராகேல்.

வெந்த கொத்துக்கறியில் உருளைக்கிழங்கைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்த சோசாம்மா நிமிரவில்லை. "அச்சன் வந்து ஜெபிச்சாத்தான் நோன்பு முடியும். நாப்பது நாளா தொடாத கறியை இப்ப நாக்குல வைக்கவா?"

"ஈஸ்டர் நோன்புக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"உங்க பைலி அண்ணன் இருக்கும்போது என்ன கவலை? முதல் கட்லெட் வெந்ததுமே பின்கதவு வழியா நுழைஞ்சு பிச்சு வாயில போட்டுப்பாரு. 'பாவம் என்னோட போகட்டும், உப்பு போடுடி கஞ்சப்பிசினாரி'ன்னு கத்துவாரு. அதுக்கப்புறம்தான் நான் உப்பே எடுப்பேன்."

ராகேல் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பங்குத்தந்தையான அச்சன் வந்தார். கூடத்தில், மெழுகுவர்த்தி எரிந்த பைலியின் படத்துக்கு முன்னால் நின்று நாற்பத்தோராம் நாள் ஜெபத்தைச் சொல்லி முடித்தார். துக்க வீட்டு நோன்பு முடிந்தது. முதல் கட்லெட்டை அவர்தான் கடித்தார். ஒரு கணம் மென்றவர், "பிரமாதம்!" என்று இன்னொன்று கேட்டு வாங்கினார். அறுபது பேரும் அதையே சொன்னார்கள்.

எல்லாரும் போன பிறகுதான் சோசாம்மா ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள்.

"உப்பே இல்லையேடி ராகேல்! ஒருத்தர்கூடச் சொல்லலியே..."

அவள் பார்வை பின்கதவுக்குப் போயிற்று. அடக்கத்தன்றும் அழாதவள், கட்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.