கதைக்குள் யார் வருவது?

குன்னூரிலிருந்து எங்கள் எஸ்டேட் தொடக்கப்பள்ளிக்கு நாடகக்காரர்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகளே கதை சொல்லி நடிக்க வேண்டும். கதையில் யாராவது மாட்டிக்கொண்டால், பார்ப்பவர்கள் உள்ளே புகுந்து காப்பாற்றலாம்.

நான்காம் வகுப்பு ஜீவா துண்டை முந்தானை போலப் போட்டுக்கொண்டு மனைவியானாள். முத்துராஜைக் கணவனாக்கி, அவன் காதில் வசனம் சொல்லிக்கொடுத்தாள்.

"எவன்கூடச் சிரிச்சுப் பேசுன? போனைக் குடு!" என்று கத்தினான் முத்துராஜ்.

ஜீவா போனைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். மணி அடித்துவிடக் கூடாதா என்றிருந்தது.

நாடகக்காரர் தினேஷ்குமார் கைதட்டி நிறுத்தினார். "இந்தக்கா வெளிய வரோணும். யாரு உதவி பண்றீங்க?"

"போலீஸக் கூப்புடலாமுங்க!" என்றது ஒரு குரல்.

"போலீஸ் வந்து காயத்தக் கேட்டா, இந்தக்காவே வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லிருவாங்க" என்றாள் ஜீவா.

"அவிங்க அண்ணன் ஊட்டுக்குப் போகட்டுமுங்க!"

"போனாங்க. மாமாவே திருப்பிக் கொண்டாந்து உட்டுட்டாருங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப யாரு வந்தா முடியும், கண்ணு?" என்றார் தினேஷ்குமார்.

ஜீவா என் பக்கம் திரும்பினாள். பள்ளியில் என்னை 'டீச்சர்' என்று மட்டுமே கூப்பிட வேண்டும் என்று அவளுக்குக் கட்டளை போட்டிருந்தேன். மூன்று வருடத்தில் ஒருநாளும் அவள் அதை மீறியதில்லை.

"அம்மா, நீ வாம்மா" என்றாள். "நாம போயிரலாம்."