சனிக்கிழமை வகுப்பு

சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தியான வகுப்புக்குக் கிளம்பினாள் அனுசுயா. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள் மருமகள் சிந்தாமணி.

"நானும் வரேங்க அத்தை. எனக்கும் ஒரே டென்ஷனாத்தான் இருக்கு."

அனுசுயாவுக்குப் பக்கென்றது. பிரஷர் ஏறிக் கிடந்தபோது, மனசை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். இந்த வீட்டில் அது நடக்கிற காரியமா? சிமென்ட் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் பெரியசாமி, நாளெல்லாம் டி.வி.யை அலறவிட்டுக்கொண்டு குழம்பில் குறை சொல்வார். சிந்தாமணிக்கு வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. பொழுது சாயும்வரை போனில் பேச்சு ஓயாது. மகன் தப்பித்து சிங்கப்பூரில் இருந்தான்.

அன்று பெரியசாமியும் வீட்டில் இல்லை. பென்ஷன்காரர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, காலையிலேயே மொபெட்டில் போயிருந்தார். வீட்டைப் பூட்டிவிட்டு மாமியாரும் மருமகளும் ரெட்டிபாளையத்தில் பஸ் ஏறினார்கள்.

வகுப்பில் புது ஆட்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தாள் அனுசுயா. அப்படியானால் வெளியிலேயே காத்திருப்பதாகச் சொன்னாள் சிந்தாமணி. அரியலூர் நெருங்கியதும் அனுசுயாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

"கிளாசும் இல்ல, ஒண்ணும் இல்ல சிந்தா. ரயில்வே ஸ்டேஷன்ல கடைசி பெஞ்சுல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு வருவேன். மாமாகிட்ட சொல்லிடாத."

சிந்தாமணி கோபப்படவில்லை. தானும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துகொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அனுசுயாவுக்கு முதல் தடவையாக அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இருவரும் பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்தார்கள். பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கிட்டப்போய்ப் பார்த்தால், பெரியசாமி.

காலடிச் சத்தத்தில் கண்ணைத் திறந்தவர், மனைவியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். சங்கத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, வகுப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை. சரக்கு ரயில் ஒன்று நிதானமாகக் கடந்து போனது.

"அப்ப வூட்ல யாருமே இல்லையா?" என்றார் பெரியசாமி.

இல்லையென்று தலையாட்டினாள் அனுசுயா.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"சாவியக் குடு. நான் வூட்டுக்குப் போறேன்."