ஆறாவது கிளிப்

"டாக்டர் சார், இந்தக் கண்றாவியை இன்னியோட நிறுத்துங்க!"

சொர்ணவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை டாக்டரின் மேசைமேல் போட்டாள். கண்ணாடி மாதிரி மெல்லிசாக, மேல்வரிசைப் பல்லின் அச்சாக, பல்லை வரிசைப்படுத்த மாட்டுகிற ஒரு கிளிப்.

விராலிமலையில் அந்தப் பல் ஆஸ்பத்திரி சின்னது. கதவு சாத்தியிருந்தாலும் வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கு உள்ளே பேசுவது கேட்கும். கேட்கட்டும் என்றுதான் அவள் கத்தினாள்.

"யாரோடதும்மா இது?" என்று கேட்டார் டாக்டர் ஜெபக்குமார்.

"இந்தா நிக்கிறாளே, எந்தம்பி பொண்டாட்டி. இவளோடதுதான்."

சுவரோரமாகத் தலையைக் குனிந்து நின்றாள் பிரகதீஸ்வரி. இருபத்தாறு வயசு இருக்கும்.

டாக்டருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆறேழு மாசத்துக்கு முன்னால் கொடும்பாளூரிலிருந்து புருஷனோடு வந்த பெண். புருஷன் தமிழ்செல்வன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். "கம்பி கட்டுனா இவளுக்கு வாயெல்லாம் புண்ணாயிரும் சார், கழட்டி மாட்டுற மாதிரியே குடுங்க" என்று அவன்தான் அடம்பிடித்தான். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாட்ட வேண்டிய மொத்த செட்டையும் நம்பர் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். அதற்கப்புறம் ரெண்டு பேரும் இந்தப் பக்கமே வரவில்லை.

"அவரு வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

சொர்ணவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் போயி நாலு மாசமாச்சு சார். நாலு வழிச் சாலையில லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். எங்க ஆத்தா இன்னும் ஒரு வாய் சோறு ஒழுங்கா திங்கலை. இவ என்னடான்னா பல்லை வரிசையாக்கிக்கிட்டு இருக்கா! நேத்து மத்தியானம் பைப்படியில நின்னு இதைப் பொறுமையா பிரஷ் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. எங்கண்ணால பாத்தேன். அப்பவே பிடுங்கிட்டேன்."

"அண்ணி, அதைக் குடுத்துருங்க அண்ணி..." பிரகதீஸ்வரி முணுமுணுத்தாள்.

"வாய மூடுடி! யாருக்குக் காட்டப் பல்லை அழகாக்குற? எந்தம்பி மண்ணுக்குள்ள கெடக்கான்."

வெளியே பெஞ்சில் யாரோ 'உச்' கொட்டுவது கேட்டது.

டாக்டருக்கும் மனசுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. நாலு மாசம்தானே ஆகிறது, அதற்குள்ளா? ஆனால் படித்தவர், வெளியே சொல்ல முடியுமா? தொழிலைப் பேசினார்.

"பாதியில விட்டா பல்லு பழைய இடத்துக்கே போயிரும்மா."

"போகட்டும் சார். புருஷனே போயிட்டான், பல்லு எங்கிட்டுப் போனா என்ன?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு கிளிப்பை எடுத்தார். மஞ்சள் பூத்திருந்தது. கடைவாய்ப் பக்கம் ஒரு விரிசல் வேறு. ஓரத்தில் பொடியாக அடித்திருந்த நம்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா, பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு மாத்தணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே? இந்நேரம் பதினாலாம் நம்பர் போட்டிருக்கணும். இது ஆறு."

கிளிப்பை அவளுக்கு நேராக நீட்டினார்.

"மிச்சதெல்லாம் எங்க?"

"வீட்ல இருக்கு சார். பிரிக்கலை."

"நாலு மாசமா இது ஒண்ணையேவா மாட்டிக்கிட்டு இருக்கே? அப்ப பல்லு ஒரு நூல்கூட நகந்திருக்காதே! இதுல அழகும் இல்லை, ஒண்ணும் இல்லை."

சொர்ணவல்லிக்குப் புரியவில்லை. டாக்டரையும் தம்பி பொண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பறம் எதுக்குடி இதை மாட்டிக்கிட்டு அலையுற?"

டாக்டருக்கு எரிச்சல் வந்தது. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.

"சரி, எதுவானாலும் இது இனிமே ஆகாது. விரிசல் விட்டுருச்சு, ஈறைக் கிழிச்சிரும்" என்றபடி காலால் குப்பைத்தொட்டியை மிதித்துத் திறந்தார்.

"போட்றாதீங்க சார்!"

பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள் பிரகதீஸ்வரி. டாக்டரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கிளிப்பை வாங்கி, உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"ஒவ்வொரு கிளிப்பையும் அவருதான் மாட்டிவிடுவாரு சார். எனக்குச் சரியா உக்கார வைக்க வராது. அன்னிக்குக் காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. 'அடடா, இன்னிக்கு ஆறாம் நம்பர் மாத்தணும்ல'ன்னு வண்டியில இருந்து எறங்கி வந்தாரு. மாட்டிவிட்டு, பெருவிரலால ஒவ்வொரு பல்லா அமுக்கிப் பாத்தாரு. 'வலிக்குதா'ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். போயிட்டாரு."

நாத்தனார் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் இல்லை, கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டது.

"கருமாதி அன்னிக்கு நீங்களும் அங்கதான இருந்தீங்க அண்ணி? அவரு எனக்குப் போட்டுவிட்ட தாலி, மெட்டி எல்லாத்தையும் கழட்டுனாங்க. வாய விட்டு அழுடி, அழுடின்னு எல்லாரும் என்னையப் போட்டு உலுக்குனாங்க. நான் வாயத் தொறக்கவே இல்லை அண்ணி... தொறந்தா இதையும் பாத்துக் கழட்டிருவாங்கன்னு."