ஒத்தை ஆளுக்கு நாலு ரொட்டி

"ஒத்தை ஆளு. வீட்டுல ஒரு நாய்கூடக் கிடையாது. ஒரு மாசமா தினம் நாலு ரொட்டி எதுக்குங்கறேன்?"

ரொட்டிக்கடை சொலான்ஜ் இப்படிக் கேட்டதும் வரிசையில் நின்ற நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். ஃபிர்மேன் பெரியவர் அப்போதுதான் நாலு நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போயிருந்தார்.

எங்கள் ஊரில் அன்று வாங்கிய ரொட்டியை அன்றே தின்றாக வேண்டும். மறுநாள் அது உருட்டுக்கட்டை! அதனால் யார் வீட்டில் எத்தனை வாய் என்பது சொலான்ஜுக்கு அத்துப்படி.

"ஜெயில்லேர்ந்து தப்பிச்ச கொலைகாரன் இன்னும் சிக்கலையாம். காலையில ரேடியோல சொன்னான்" என்று நான் வாயை விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

"அடி ஆத்தி! அவனைத்தான் ஒளிச்சு வெச்சுத் தீனி போடறாரா? அதான் தோட்டத்துக் கொட்டகைக்குப் புதுப் பூட்டு! போன மாசம், வியாபாரம் இல்லை, கடையை மூடப்போறேன்னு இங்கேயே நின்னு அழுதேன். ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னாரா அந்தக் கல்நெஞ்சக்காரரு?"

"அவசரப்படாதேம்மா" என்றார் மேயர் கெய்தான். "எனக்கு அஞ்சு ரொட்டி குடு. வீட்டுல விருந்தாளிங்க."

சொலான்ஜ் காதில் வாங்கினால்தானே? ஒரு கையால் ரொட்டியைக் கொடுத்தாள், மறு கையால் போலீசுக்குப் போன் போட்டாள்.

பத்தே நிமிஷம். போலீஸ்காரர் முன்னே, மாவு தேய்க்கும் உருட்டுக்கட்டையோடு சொலான்ஜ் நடுவே, பாதி ஊர் பின்னே. திருவிழா கெட்டது போங்கள்!

கொட்டகைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார் ஃபிர்மேன். முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, ஜெயிலுக்கு வேணா வரேன். விலங்கு மாட்டுங்க. இந்தப் பொண்ணு முன்னாடி மட்டும் கதவைத் திறக்காதீங்க!"

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா!" என்று குதித்தாள் சொலான்ஜ். அவரைத் தள்ளிவிட்டு, உருட்டுக்கட்டையால் பூட்டில் ஒரே போடு.

கதவு திறந்தது. கதவுக்கு மேலிருந்த பலகையிலிருந்து போலீஸ்காரர் தலையில் ஏதோ டொங்கென்று விழுந்தது.

ரொட்டி.

உள்ளே எட்டிப் பார்த்தோம். இடுப்பு உயரத்துக்கு, விறகு அடுக்கின மாதிரி, காய்ந்த ரொட்டி.

சொலான்ஜ் கையிலிருந்த கட்டை நழுவியது.

"பெரியவரே... என் கடைக்காகவா?"

"நீ ரோஷக்காரி. பணமாக் குடுத்தா மூஞ்சியிலயே வீசுவே. ஒண்ணுக்கு மேல எனக்குத் திங்கவும் முடியலை" என்று தலையைக் குனிந்தார். "நீ கடையை மூடிட்டா காலையில நான் யார்கிட்டம்மா பேசுவேன்?"

சொலான்ஜ் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே, சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று திட்டவும் செய்தாள். போலீஸ்காரர் தொப்பியைத் தடவியபடி மூக்கை உறிஞ்சினார்.

மேயர் என் முழங்கையைக் கிள்ளினார்.

"ஏம்ப்பா, விருந்தாளியுமில்லை ஒண்ணுமில்லை. இந்தம்மா என் கார் ஷெட் பக்கம் வர்றதுக்குள்ள ஒரு நூறு ரொட்டியை உன் வீட்டுல ஒளிக்க இடம் இருக்குமா?"

"ஏதுங்க இடம்? பரணே நிரம்பி, நானே ரெண்டு வாரமா ரொட்டியைக் கட்டிலுக்கு அடியில அடுக்கிட்டிருக்கேன்!" என்றேன்.